உப்புக் குறைந்த மதியச் சாப்பாடு

"குருவே, இன்று சாற்றில் உப்பே இல்லை," என்றார் தொராஜி.

மதியக் கூட்டம் கலைந்த கடையில் ஓகின் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஜப்பானின் கிழக்குக் கரையில், துறைமுகத்தை ஒட்டினாற்போல இருந்தது அவளுடைய கடலுணவுக் கடை. மொத்தம் ஏழு இருக்கை. அந்தக் கடையின் மட்டிச் சாற்றுக்காக மூன்று ஊர் தாண்டி வருவார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் தொராஜிக்கு ஐம்பத்தொன்று. மலையூர்ச் சத்திரம் ஒன்றில் இருபது வருடம் சமைத்துவிட்டு, மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டு, அவளிடம் கற்க வந்தவர். நான்கு வருடம் ஆகிறது. மீன் கழுவினார், நறுக்கினார், பரிமாறினார். திரைக்குப் பின்னால் இருக்கும் அடுப்பை மட்டும் அவள் இன்னும் அவரிடம் விடவில்லை.

இன்று முக்கியமான நாள். கப்பல் முதலாளி யாசுகே புதிதாக ஒரு விருந்து மண்டபம் கட்டியிருக்கிறார். அதற்குத் தலைமைச் சமையல்காரர் வேண்டும். ஓகினிடம் தொழில் பழகியவர் என்பதால் தொராஜியை எடுக்கலாமா என்று பார்க்கவே சாப்பிட வந்திருந்தார். வேலை கிடைத்தால் வீடும் உண்டு, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் யாசுகே இரண்டு வாய் குடித்துவிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்து எழுந்து போய்விட்டார்.

"சாறு மட்டுமா?" என்று தொடர்ந்தார் தொராஜி. " கணவாய், இறால், கானாங்கெளுத்தி எல்லாமே சப்பென்று இருந்தன. ஏழு பேரில் ஆறு பேர் மிச்சம் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தேன்."

"ஏழாவது ஆள்?" என்று கேட்டாள் ஓகின்.

தொராஜி யோசித்தார். ஏழாவது ஆள் கிழவர் கோஹே, படகுக்குத் தார் பூசுகிறவர். கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், உன் படகு ஓட்டையா, இல்லை உன் வாய் ஓட்டையா என்று வம்பிழுத்தார். இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தார்.

"அவர் மிச்சம் வைக்கவில்லை," என்றார் தொராஜி. "ஆனால் மற்றவர்கள் உப்புக்குச் சோயா சாஸைத் தேடினார்கள். என்றைக்கும் வைக்கிற கிண்ணத்தை இன்று வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஏழு கிண்ணம் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம்."

"ஏழு எங்கே வைப்பது?" என்றாள் ஓகின். "ஆறுதான் வைத்திருக்க முடியும்."

தொராஜி கோஹேயின் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

நாற்பத்து மூன்று நாளைக்கு முன்னால் நடந்தது நினைவுக்கு வந்தது. கோஹே உப்பைத் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தொராஜி நல்ல மனசோடுதான் தனியாக ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தார். இது உங்களுக்கென்றே உப்பில்லாமல் செய்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஆறு தலைகள் திரும்பின. ஆறு பேரும் பரிதாபப்பட்டார்கள். கோஹே சாப்பிடும் குச்சிகளை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு இன்றுதான் வந்தார். இன்று ஏழு பேருக்கும் ஒரே சாறு; யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடை வாசலின் தொங்குதுணியை விலக்கிக்கொண்டு யாசுகே உள்ளே நுழைந்தார். போன மனிதர் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். ஓகினைப் பார்க்காமல் தொராஜியிடம் பேசினார். மலையில் உங்கள் கையால் சாப்பிட்டவன் நான், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார். இந்த அம்மாவுக்குக் கை விட்டுப்போய்விட்டது என்று துறைமுகமே பேசப்போகிறது, அதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது என்றார்.

"ஒன்றே ஒன்று கேட்கிறேன், தொராஜி. இன்று அடுப்பில் நின்றது இவர்தானே? ஆமாம் என்றால் நாளைக்கே மண்டபத்துக்கு வந்துவிடுங்கள்."

வாசலுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், கோஹே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தொராஜி தலை குனிந்தார்.

"நான்தான் நின்றேன். உப்புப் போட மறந்துவிட்டேன்."

யாசுகே அவரை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருடம் சமைத்த மனிதர் உப்பை மறப்பாரா என்றார். பிறகு ஓகினிடம், தவறாக நினைத்துவிட்டேன் அம்மா என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

தொங்குதுணி ஆடி நின்றது.

ஓகின் கத்தியைக் கீழே வைத்தாள். திரையை ஒதுக்கி, அடுப்புக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டாள்.

"இந்தக் கடையில் உங்கள் முதல் சமையல்," என்றாள். "நன்றாக இருந்தது."