ஐஸ்காரியும் ஏழடி டென்ட்டும்

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. ஒரு ராஜா இருந்தாருன்னும் ஆரம்பிக்கலாம்தான். ஆனா இந்தக் கதையில ராஜாவுக்கு வேல இல்ல, அவரு வீட்லயே இருக்கட்டும்.

அது கடலோரத்து ஊரு. மீன் கரையேறுற ஊரு. மீனு கெட்டுப்போகாம இருக்க ஐஸ் வேணும்ல, அந்த ஐஸ் கம்பெனியில கட்டி உடைக்கிறவதான் நம்ம ஆளு. பேரு சலேத்தம்மா. கையில மரச்சுத்தியல். விடிஞ்சதுலருந்து டொக்கு டொக்கு, டொக்கு டொக்கு. எங்க, ம் போடு. நீ தூங்கிட்டா நான் செவுத்துக்குல்ல கதை சொல்லிக்கிட்டு இருப்பேன்.

"ம்."

அந்த ஊர்ல மார்கழி மாசத்துலயும் ஃபேன் ஓடும். குளிருன்னா என்னன்னு தெரிஞ்சவங்க அந்த ஐஸ் கம்பெனியில வேல பார்க்கிற அஞ்சு பேருதான். அதுல நல்லாத் தெரிஞ்சவ சலேத்தம்மா. காலுக்குக் கீழ சாக்கை நாலா மடிச்சுப் போட்டு, அதுக்கடியில உமியக் கொட்டி, அதுமேல நின்னுதான் அவ கட்டி உடைப்பா. பதினாலு வருசமா அப்படி நிக்கிறா.

அப்புறம், அவளுக்குக் கோவம் வந்தா சத்தம் வராது. அதுதான் விசேஷம். மெதுவாத்தான் பேசுவா. ஆனா சொன்னதையே சொல்லுவா. சுத்தியல் ஒரே இடத்துல விழுற மாதிரி. மூணாவது அடியில எந்தக் கட்டியும் பொளந்துரும்.

அவளுக்கு ஒரே மவ, விண்ணரசி. எட்டாங்கிளாஸ். நல்ல பிள்ளதான், ஆனா மூச்சு இழுப்பு உண்டு. குளுந்த தரையில ஒரு நாள் படுத்தாப் போதும், நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தும். கீச்சு, கீச்சுன்னு.

அப்போ அவ படிக்கிற கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துல இருபது பிள்ளைங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போறதா முடிவாச்சு. மூணு ராத்திரி டென்ட்டுல தங்கல். விண்ணரசி பேரும் அதுல இருந்துச்சு. அந்தப் பிள்ள சந்தோசத்துல ரெண்டு நாளு சோறு திங்கல. சலேத்தம்மா டாக்டர்கிட்ட கேட்டா. பனியில நனையாம, தரைக்குளிர் ஏறாமப் பாத்துக்கிட்டாப் போகலாம்னாரு. இவளும் சரின்னுட்டா.

இப்ப டென்ட்டு வாங்கணும், படுக்கிறதுக்கு ஸ்லீப்பிங் பேக்கு வாங்கணும். யாரு வாங்குறது? பெத்தவங்க சங்கத்துல உக்காந்து யோசிச்சாங்க. நம்ம ஊர்ல டென்ட்டுன்னா யாரு? தொம்மை அண்ணாச்சி. மூணு தலைமுறையா பந்தல் போடுறவரு. கோயில் திருவிழாவா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, எல்லாத்துக்கும் அவரு துணிதான். பந்தல்காரருக்குத் தெரியாத டென்ட்டான்னு எல்லாரும் கை தூக்கிட்டாங்க. ஒருத்தன் ரெண்டு கையத் தூக்குனான்.

"ம்."

தொம்மை அண்ணாச்சி கெட்டவரு இல்ல. பந்தல்காரரு. வேன எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனாரு. பந்தலுன்னா உயரம்தான மரியாதை? அதனால ஏழடி உயரத்துல ரெண்டு டென்ட்டு எடுத்தாரு, ஒண்ணுக்குப் பத்துப் பிள்ள. ரோஸ் கலரு. கடைக்காரரு மேல போடுற மழைத்துணிய எடுத்து நீட்டியிருக்காரு. ரெண்டு துணி போட்டா பிள்ளைங்களுக்கு வேர்க்கும், வேண்டாம்னுட்டாரு. கீழ விரிக்கப் பஞ்சுப்பாய் காட்டியிருக்காரு. டென்ட்டுலயே தரைத்துணி தைச்சிருக்கு, அதுக்கு மேல எதுக்குப் பாயின்னுட்டாரு. ஸ்லீப்பிங் பேக்கு மட்டும் நல்லதா இருபது எடுத்தாரு. பாய வேண்டாம்னதுக்குப் பதிலா என்ன வாங்கினாருன்னு நினைக்கிற? சீரியல் பல்பு. மலை உச்சியில பிளக்கு எங்க இருக்கும்னு அவரையும் யாரும் கேக்கல.

புதன்கிழமை பள்ளிக்கூட மைதானத்துல டென்ட்ட நட்டு வச்சாரு. வாசல்ல நல்வரவு போர்டு வேற. சனம் பூரா வந்து பாத்துச்சு. சலேத்தம்மாவும் வேல முடிஞ்சு ஈரச் சேலையோட வந்தா. உள்ள போனா. குனிஞ்சு தரையில உள்ளங்கைய வச்சா. நிமிந்து மேல பாத்தா. டென்ட்டு உச்சியில இருந்த வலைத்துணி வழியா வானம் தெரிஞ்சுது, காக்கா போச்சு.

அப்போ அவ காது மடல் சிவந்துச்சு.

மழை பேஞ்சா என்ன செய்யன்னு கேட்டா. அண்ணாச்சி சிரிச்சாரு. பந்தல் போட்டு நரைச்ச தலை இதுன்னாரு. அவ போயி, கம்பெனி ஐஸ் வண்டியில உருகிக் கிடந்த தண்ணிய ஒரு வாளி தூக்கிட்டு வந்தா. அண்ணாச்சி உள்ள நின்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கு உயரத்தக் காட்டிக்கிட்டு இருந்தாரு. வெளியிலருந்து டென்ட்டு மேல ஒரே வீச்சு. சளார்!

அண்ணாச்சி தலை, மீசை, புது வேட்டி எல்லாம் சொட சொட சொட. சிஸ்டர் கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டாங்க. மலையில மார்கழிக்கு மழை பெய்யாதுன்னாரு அண்ணாச்சி. மலைக்கு எத்தனை தடவ போயிருக்கீங்கன்னு கேட்டா. அவரு பதிலுக்கு வேட்டியப் பிழிஞ்சாரு.

அது ஒண்ணாவது அடி. ம்?

"ம்ம்."

அப்புறம் வியாழக்கிழமை. நனைஞ்ச டென்ட்டக் காயப்போட அண்ணாச்சி கடற்கரைக்குக் கொண்டு போனாரு. இவளும் பின்னாலயே போனா. காத்துக்கு நிக்குமான்னு கேட்டா. நட்டுக் காட்டுறேன் பாருன்னாரு. நட்டாரு. வாடைக்காத்து எங்க இருந்துச்சோ, கேட்டுக்கிட்டே இருந்த மாதிரி வந்துச்சு. ஏழடி உயரம்ல, காத்துக்கு அது பாய்மரம் கணக்கா. பட பட பட படன்னு அடிச்சுது. ஒரு குச்சி டக்குன்னு ஒடிஞ்சுது. அப்புறம் பொசுக்குன்னு கிளம்பி, ரோஸ் கலர்ல உருண்டு, போயி கடல்ல விழுந்துச்சு. வலை காயப்போட்டுக்கிட்டு இருந்தவங்க ரெண்டு பேரு நீந்திப் போயி இழுத்துட்டு வந்தாங்க. என்ன மீனு அண்ணாச்சி இதுன்னு ஒருத்தன் கேட்டான்.

அப்பவும் அவரு ஒத்துக்கல. மலையில மரம் இருக்கும், காத்த மரம் பிடிச்சுக்கும்னாரு.

அன்னைக்குச் சாயந்தரம் சிஸ்டர் கூப்பிட்டு விட்டாங்க. ஊரே சிரிக்குது, பயணம் நின்னுபோனா நல்லாவா இருக்கும்னு கேட்டாங்க. உன் பிள்ளைக்குத்தான் சீக்கு, உன் பிள்ளைய மட்டும் நிப்பாட்டிக்கோன்னாங்க.

சலேத்தம்மா கையக் கட்டிக்கிட்டு, மெதுவாத்தான் கேட்டா. "மத்த பத்தொம்பது பிள்ளைக்கும் முதுகு இல்லையா சிஸ்டர்?"

சிஸ்டர் கடிகாரத்தப் பாத்தாங்க. ஜெபத்துக்கு மணியாச்சுன்னு எழுந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்தா, விண்ணரசி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஐஸ்காரி மவ, ஐஸ்காரி மவன்னு கேலி பண்ணியிருக்காங்க. அந்தப் பிள்ளைக்கும் கோவம். ஆத்தாளுக்கு வர்ற அதே கோவம், ஆனா சின்னப் பிள்ளதான, கண்ணு வழியா வந்துருச்சு.

"எம்மா, நீ இந்த ஒரு வாரம் மட்டும் எனக்கு அம்மாவா இல்லாம இரேன்."

சலேத்தம்மா மவளுக்குச் சோத்தப் போட்டுட்டு, தன் தட்டுல போட்ட மீனத் திருப்பிச் சட்டியில போட்டு மூடிட்டா. அவளுக்கு யாருமேல கோவம்னு அவளுக்கே அப்போ பிரிச்சுப் பாக்க முடியல. அண்ணாச்சி மேலயா, சிஸ்டர் மேலயா, அந்தப் பிள்ள நெஞ்சுல கத்துற பூனை மேலயா. பேசாம விட்டா மவ சந்தோசமாப் போவா, ஆனா எப்படித் திரும்பி வருவான்னு தெரியாது. பேசினா மவ போகவே முடியாது. அன்னைக்கு அவ கட்டியப் புரட்டுற மாதிரி பாயில புரண்டுக்கிட்டே கிடந்தா.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை பஸ் கிளம்புது. வாங்கினத மாத்திக் குடுக்க சனிக்கிழமை வரைக்கும்தான் கடைக்காரரு நேரம் குடுத்திருந்தாரு. அன்னைக்குக் காலையில அண்ணாச்சி டீக்கடையில உக்காந்து, ரெண்டு நாளுப் பட்ட பாட்ட மறைக்கப் பெருசாப் பேசிக்கிட்டு இருந்தாரு. டென்ட்ட விடுங்கப்பா, நான் வாங்கின பேக்கப் பாருங்க, அஞ்சு டிகிரிக் குளிரு வரைக்கும் தாங்கும்னு எழுதியிருக்கு, அதுக்குள்ள படுத்தா ஐஸ் மேலயே தூங்கலாம்னாரு.

சொல்லிட்டு நிமிந்தாரு. எதுத்தாப்புல சலேத்தம்மா. டீ வாங்க வந்தவ. கடையில இருந்த அத்தன பேரும் அவளப் பாத்தாங்க. அப்புறம் அவரப் பாத்தாங்க.

"வாங்க அண்ணாச்சி," ன்னா அவ. "தூங்கலாம்."

மாட்டேன்னு சொல்ல முடியுமா? மூணு தலைமுறைப் பந்தல். பேக்கத் தோள்ல போட்டுக்கிட்டு ஐஸ் கம்பெனிக்கு வந்துட்டாரு. கட்டி அடுக்குற அறையைத் திறந்தா. புஸ்ஸுன்னு வெள்ளப் புகை. சிமெண்டுத் தரையில பேக்க விரிச்சு உள்ள போயி, ஜிப்ப சர்ருன்னு கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டாரு. பஞ்சு மெத்தை மாதிரி இருக்குன்னாரு. எவ்வளவு நேரம்னு கேட்டாரு. பிள்ளைங்க ராத்திரி பூரா படுக்கணும், நீங்க ஒரு ஜெபமாலை சொல்ற நேரம் படுங்கன்னா.

வெளிய நின்னு ஜெபமாலை மணிய உருட்ட ஆரம்பிச்சா, பத்துப் பத்தா அஞ்சு பத்து. அவ்வளவு கோவமா மாதாகிட்ட யாரும் ஜெபம் சொல்லியிருக்க மாட்டாங்க. முதல் பத்து மணி போச்சு. உள்ள பாட்டு கேட்டுச்சு. ரெண்டாவது பத்து. பாட்டு நின்னுபோச்சு. மூணாவது பத்துல பாதி. உள்ளருந்து ஒரு சத்தம். கட கட கட கடன்னு. டீக்கடையிலருந்து கூட வந்தவங்க மெஷினு ஓடுதுன்னு நினைச்சாங்க. மெஷினு இல்ல, பல்லு.

கதவு பூட்டல, தெரியுமா. சும்மா சாத்திதான் இருந்துச்சு. அவரு மானம்தான் பூட்டியிருந்துச்சு. அது தெறந்தப்ப, அவரு பேக்குக்குள்ள இருந்தபடியே சாக்கு ஓட்டக்காரரு மாதிரி துள்ளித் துள்ளி வெளிய வந்தாரு. முதுகு பூரா மரத்துப்போச்சு. பேக்குல கோளாறு, கடைக்காரன் ஏமாத்திட்டான்னாரு.

சலேத்தம்மா அந்தப் பேக்க வாங்கினா. அதே தரையில உமியக் கொட்டினா. நாலு சாக்க மடிச்சு மேல போட்டா. அதுமேல அதே பேக்க விரிச்சு, உள்ள போயி, கதவச் சாத்தச் சொல்லிட்டு, ஜெபமாலைய முதல்லருந்து ஆரம்பிச்சா. அஞ்சு பத்தும் முடிச்சா. வெளிய வந்தப்போ கழுத்துல வேர்வை.

அண்ணாச்சி ரெண்டு கையாலயும் டீ கிளாஸ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு முன்னால குனிஞ்சு, மெதுவா, மூணு தடவ சொன்னா. "குளிரு மேலருந்து வராது அண்ணாச்சி. கீழருந்து ஏறும். கீழருந்துதான் ஏறும். கீழ போடாம மேல எத்தனை போத்தினாலும், அது கீழருந்துதான் ஏறும்."

மூணாவது அடியில கட்டி பொளந்துச்சு.

மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அவரு கேக்கல. அதெல்லாம் பந்தல் சாமான் லிஸ்ட்லயே கிடையாது. ஆனா சனிக்கிழமை விடியுமுன்ன வேன் கிளம்பிருச்சு. குனிஞ்சு நுழையிற சின்ன டென்ட்டா, ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணுன்னு பத்து எடுத்தாரு. ஒவ்வொண்ணுக்கும் தரை வரைக்கும் வர்ற மழைத்துணி. பஞ்சுப்பாய் இருபது. கடைக்காரரு கட்டித் தர்றேன்னப்போ, கொஞ்சம் இரு, ஒரு வாளி தண்ணி குடுன்னாராம். பத்தையும் கடை வாசல்ல நட்டு, பத்து மேலயும் தானே ஊத்திப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏத்தினாரு. கடல்ல நீந்தின டென்ட்ட மட்டும் கடைக்காரரு திரும்ப வாங்கல. அது அந்த வருசத் திருவிழாவுல சர்பத் கடையா நின்னுச்சு.

திங்கக்கிழமை பஸ் கிளம்பிச்சு. எல்லாப் பிள்ளையும் கை காட்டுச்சு. விண்ணரசி காட்டல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே போயிருச்சு. சலேத்தம்மா நேரா வேலைக்குப் போயி, அன்னைக்கு நாப்பது கட்டி உடைச்சா. எப்பவும் இருபத்தஞ்சுதான்.

கண்ணு சொக்குதா? இன்னும் கொஞ்சம்தான்.

"...ம்."

வியாழக்கிழமை பஸ் வந்துச்சு. விண்ணரசி இறங்குச்சு. சலேத்தம்மா மவ மூஞ்சியப் பாக்கல, பையப் பாக்கல. நேராப் போயி அந்தப் பிள்ள நெஞ்சுல காத வச்சா. பூனை இல்ல. சுத்தமா இல்ல.

வீட்டுக்கு நடந்துக்கிட்டே அந்தப் பிள்ள சொல்லுச்சு. முதல் நாளே மழை. டென்ட்டுக்குள்ள ஒரு சொட்டு இறங்கல. ஆனா ஒண்ணு நடந்துச்சாம். குளிருதுன்னதும் எல்லாப் பிள்ளைகளும் பஞ்சுப்பாய உருவி மேல போத்திக்கிச்சு. கூடப் போன டீச்சரும் அதுதான் சரின்னுட்டாங்க. கடலோரத்து சனம்ல, எல்லாரும் போர்வையத்தான் நம்புவாங்க.

சலேத்தம்மா நின்னுட்டா. காது மடல் சிவந்துச்சு.

"நீ என்ன செஞ்ச?"

"கீழ போடுங்கன்னு சொன்னேன்."

"கேட்டாங்களா?"

"மூணாவது தடவ கேட்டாங்க. டீச்சரும் கேட்டாங்க."

"ஏட்டி, சத்தம் போட்டியா?"

"இல்லம்மா," ன்னுச்சு அந்தப் பிள்ள. "மெதுவாத்தான் சொன்னேன்."

சலேத்தம்மா அவ பைய வாங்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி சட்டியில மீனு மிஞ்சல.

டென்ட்ட அவுத்தாச்சு, குச்சிய மடக்கியாச்சு, கதையையும் சுருட்டிப் பையில போட்டாச்சு. நீயும் சுருண்டு படு. ஏய், பாய் மேல ஏறிப் படு. தரையில படுக்காத. எத்தனை தடவ சொல்றது.