காட்டுச்சேனை பூத்த வாரம்

கொல்லிமலை அடிவாரத்தில் தவமணி அம்மாள் ஒரு சிறிய ஆசிரமம் நடத்திவந்தார். அங்கே சீடராக வந்து சேர்ந்த செங்கோடன் அவரைவிட வயதில் மூத்தவர்.

வந்த அன்றே செங்கோடன் தன் கதையைச் சொன்னார். அண்ணன் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். முதுகெல்லாம் படுக்கைப்புண். அண்ணன் மகள் பூங்கோதை ஒருத்தியே துடைத்து மருந்து போடுகிறாள். தனக்கோ அறைவாசலில் நின்றாலே குமட்டுகிறது. மனம் பக்குவப்பட்டால் நாற்றம் தெரியாமல் போகுமா என்று கேட்டார்.

அம்மாள் உள்ளே போய்ப் பெரிய கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"காட்டுச்சேனை. அழகுக்கு வளர்க்கிறது. தண்ணி தேங்காத இடமாப் பார்த்து வைங்க."

தியானக் கூடத்தின் ஜன்னலை ஒட்டி செங்கோடன் அதை நட்டார். மேலே சருகு பரப்பினார். பன்றி தோண்டாமல் இருக்க முள்வேலி கட்டினார். தை போய், மாசி போய், பங்குனியும் போயிற்று. மண்ணில் அசைவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. இலை எதுவும் விடாமல் வெறும் மண்ணிலிருந்து நேராகப் பூ வந்தது. கருஞ்சிவப்பு. ஓரமெல்லாம் சுருக்கம் வைத்துத் தைத்ததுபோல இருந்தது. அவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் அது விரிந்தது. ஆசிரமம் முழுக்கச் செத்த எலி நாற்றம். ஈ மொய்த்தது. கூடத்தில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. சமையல் பார்க்கும் மருதாசலம் மண்வெட்டியோடு வந்துவிட்டார். செங்கோடன் குறுக்கே நின்றார். சில நாளில் பூ வாடிவிடும், அப்புறம் குடைபோல இலை விரியும், அதுவரை வேறிடத்தில் உட்காருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினார். முணுமுணுத்துக்கொண்டே மாந்தோப்புக்குப் போனார்கள்.

மாலையில் அம்மாள் வந்தார். செங்கோடன் செடியைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நாறலையா?" என்றார் அம்மாள்.

"நாறுதுங்க. காலையில வாந்தியே எடுத்துட்டேன்."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்க. தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும்."

அம்மாள் வானத்தைப் பார்த்தார். "ஆமா, வரும்" என்றார்.

செங்கோடன் மேலும் இரண்டு வெட்டு வெட்டினார். பிறகு கை நின்றது.

"பூங்கோதை ஒத்தையா எப்படி அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாளோ தெரியலீங்க."

செங்கோடன் கையிலிருந்த மண்ணைத் துடைத்தார்.

"நான் காலையில ஊருக்குக் கிளம்பறேன்மா. செடியை யாராச்சும் பார்த்துக்கட்டும்."

"நான் பார்த்துக்கிறேன்."

செங்கோடன் எழுந்தார். உடனே போகவில்லை.

"ஆனா கட்டில்கிட்டப் போனா எனக்கு இப்பவும் குமட்டும்மா."

"குமட்டட்டும்" என்றார் அம்மாள். "கை நிக்காமப் பார்த்துக்கங்க."