பந்தியில் ஒரு வெறும் இலை

மலையடி மடத்துக்கு வந்து சேரும்போது குற்றாலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. அதுவரை பங்குச் சந்தை, கடன் பத்திரம் என்று அலைந்த மனுஷர். குரு வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். வந்த மனுஷர் சும்மா இருந்தாரா? மடத்தில் சமைக்கிற பேச்சியின் சேமிப்பை டிஜிட்டல் டோக்கனில் போட வைத்தார்.

"பயப்படாத பேச்சி. உன் பணத்துக்கு டோக்கன் கம்பெனிக்காரங்க அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கி வச்சிருவாங்க. அதுக்கு ஈடா உன் போன்ல டோக்கன் வரும். நாட்டுல விலைவாசி எவ்வளவு ஏறுதோ, டோக்கனும் அவ்வளவு ஏறும். உன் காசு கரையவே கரையாது."

மகள் செண்பகத்தை நர்சிங் படிக்க வைக்கப் பேச்சி சேர்த்த காசு அது. அன்றைய ஃபீஸுக்குச் சரியாக இருந்தது. பிளஸ் டூ முடிக்க இன்னும் இரண்டு வருஷம்.

டோக்கன் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வருஷத்தில் விலைவாசி நூற்றுக்குப் பத்து ஏறியது, டோக்கனும் பத்து ஏறியது. பாழாய்ப்போன கல்லூரி ஃபீஸ் நாற்பது ஏறியது. பணம் பத்தாமல் செண்பகத்தின் இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. விஷயம் குற்றாலிங்கத்தின் காதுக்கு வரும்போது, செண்பகம் பனியன் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறியாகிவிட்டது.

பேச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, மறுநாள் குருவிடம் போனார்.

"அம்மா, டோக்கன் பொய் சொல்லல. பத்திரமும் அப்படியே இருக்கு. பின்ன எங்க தப்பு?"

"விலைவாசின்னா யாரோட விலைவாசி?"

"எல்லாருக்கும் சேர்த்து. அரிசி, வாடகை, பஸ் கட்டணம்னு எல்லாத்துக்கும் போட்ட சராசரி."

"செண்பகத்தோட ஃபீஸ்?"

"அதுவும் ஒரு துளி இருக்கும்மா."

"சரி, சாப்பிட வா" என்றார் வடிவம்மை.

அன்று குருவே பரிமாறினார். பந்தியில் இருபது பேர். ஆளுக்கு இரண்டு கரண்டி சோறு. குற்றாலிங்கத்தின் இலையை மட்டும் தாண்டிப் போனார். மறந்துவிட்டார் போல என்று இவர் காத்திருந்தார். பசி குடலைப் பிடுங்கியது. மற்றவர்கள் மோருக்கே வந்துவிட்டார்கள்.

"அம்மா, எனக்கு..."

"உனக்கென்ன? இருபது பேர் உட்கார்ந்தீங்க. முப்பத்தெட்டு கரண்டி போட்டேன். சராசரி பாரு, ஆளுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு. நீ சாப்பிட்டாச்சு. எந்திரி."

அவமானத்தில் காது சுட்டது. எழப் போனார்.

அடுப்படியிலிருந்து பேச்சி சட்டியும் கரண்டியுமாக ஓடி வந்தாள். "அய்யய்யோ, என்ன அநியாயம் இது! சாப்பிடாம எந்திரிக்காதீங்கய்யா" என்று சோற்றை அள்ளி வைத்தாள்.

இலையில் கை வைக்க அவரால் முடியவில்லை. "வேண்டாம் பேச்சி. உன் கையால சாப்பிட எனக்கு யோக்கியதை இல்ல."

"சாப்பிடு" என்றார் குரு. "காலையில உலை வைக்கும்போதே உனக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருக்கா."