சங்குத்திட்டு ஓடக்கூலி

மகிழங்கோட்டை மன்னர் செண்பகமாறன் நேர்மையானவர். ஆனால் எது நேர்மை என்பதை யாராவது பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஓடத்துறை அதிகாரி அனந்தநம்பி தானாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். மனிதர் கடலில் ஒரு முறைகூடக் கால் நனைத்ததில்லை. அலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பார். ஓடக்கூலி நிர்ணயிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் அரண்மனைக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய முறை எளிது. கடலுக்குள் இருக்கும் சங்குத்திட்டுக்கு ஓடம் போய்வர ஆகும் செலவை, ஏறுகிறவர்கள் தலைக்கு வகுத்துவிடுவார். கூலி கூடியது. பாதிப் பேர் ஓடம் ஏறுவதை நிறுத்தினார்கள். அதே செலவை மிச்சப் பேர் தலையில் வகுத்தார். கூலி இன்னும் கூடியது. கூட்டம் இன்னும் குறைந்தது.

"திட்டுக்காரர்களுக்குப் பயணத்தில் ஆர்வமே இல்லை, மன்னா" என்று சபையில் வருத்தப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் திட்டிலிருந்து செம்பாயி என்ற நண்டு விற்கும் பெண் சபைக்கு வந்தாள். அன்று ஓடத்தில் ஏறிய ஒரே ஆள் அவள்தான். ஆகவே முழு ஓடத்தின் கூலியும் அவள் தலையில் விழுந்தது. காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மகராசா, எம் மவளுக்கு இது பேறு மாசம். போன தடவ மருத்துவச்சி வந்து சேரல, பிள்ள தங்கல. இந்தத் தடவையும் அவ வரமாட்டேங்கா. போவ வர கூலிய யாரு குடுப்பான்னு கேக்கா. எங்கிட்டக் கழட்டிக் குடுக்க இன்னொரு காது இல்ல."

சபையில் விகடகவி ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான். எதற்கும் சட்டென்று ஒரு பதில் வைத்திருப்பவன். இப்போது அவளுடைய வெறும் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அனந்தநம்பி அந்தக் காதைப் பார்க்கவில்லை. "நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற இடத்தில் இவர்களை யார் குடியிருக்கச் சொன்னது?" என்றார்.

சபை சிரித்தது. மன்னருக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்போதே உத்தரவு போட்டார். "நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் வசிப்பவர்கள், தண்ணீரைக் கடக்க ஆகும் முழுச் செலவையும் ஏறுகிறவர்கள் தலைக்கு வகுத்துத் தர வேண்டும். நாளை காலை முதல்."

ஆவுடையப்பன் எழுந்தான். "மன்னா, இது சங்குத்திட்டுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"என் சட்டம் ஆள் பார்க்குமா? எல்லாருக்கும்தான்."

"கூலி கட்டாதவர்களை?"

"கடக்க விடாதே. நீயே நின்று பார்த்துக்கொள்."

"உத்தரவு" என்றான். வெளியே வந்து செம்பாயியிடம், "அக்கா, இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல தங்குங்க. காலையில பாப்போம்" என்றான்.

மறுநாள் மன்னர் குளித்து முடித்து வழக்கம்போல் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். கோயில் அகழிக்கு அப்பால் இருந்தது. அம்மனைத் தரிசிக்காமல் அவர் வாயில் பச்சைத் தண்ணீர்கூட விடமாட்டார். வாசலுக்கு வந்தால் தூக்குப்பாலம் இறங்கவில்லை. பலகை சுவர்போல் நிமிர்ந்து நின்றது. அதன் கீழே ஓர் உண்டியலோடு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான்.

"என்ன இது?"

"கூலி, மன்னா. அரண்மனையைச் சுற்றி அகழி. நாலு பக்கமும் தண்ணீர்."

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, எவ்வளவு?"

"பாலம் இறக்கும் யானைகளுக்குத் தீனி, சங்கிலிக்கு எண்ணெய், காவலர் சம்பளம், அகழி முதலைகளுக்கு இறைச்சி. எல்லாவற்றையும் கூட்டி, ஏறுகிறவர்கள் தலைக்கு வகுக்க வேண்டும்."

"வகு."

"வகுத்துவிட்டேன். தாங்கள் கடக்கும்போது வேறு யாரும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பரம்பரை வழக்கம். தலை ஒன்றுதான்."

மன்னரின் சிரிப்பு நின்றது. காசைக் கையால் தொடுவதும் அவர் பரம்பரையில் வழக்கம் இல்லை. அகழிக்கு அப்பாலிருந்து கோயில் பொங்கலின் நெய் வாசனை வந்தது. வயிறு கூப்பிட்டது.

"இப்போது என்னதான் செய்வது?"

"கூலி விவகாரம் எனக்கு எங்கே தெரியும்? அதிகாரியைக் கேட்டுவிடுகிறேன்."

அனந்தநம்பி தினமும் மன்னரை வரவேற்க எலுமிச்சம்பழத்தோடு அக்கரையில் நிற்பார். நிமிர்ந்து நின்ற பாலம் மறைத்ததால் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆவுடையப்பன் உரக்கக் குரல் கொடுத்தான்.

"அதிகாரி ஐயா! இங்கே ஒருவர் கடக்க வேண்டும் என்கிறார். கையில் காசில்லை. பசி வேறு. என்ன பதில் சொல்ல?"

அரண்மனை வேலையாள் யாரோ என்று நினைத்த அனந்தநம்பி, தயங்காமல் அதே பதிலை எடுத்துவிட்டார்.

"காசில்லாதவனை நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற இடத்தில் யார் குடியிருக்கச் சொன்னது?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "அந்தப் பெண்ணிடம் நேற்று இதைத்தானே சொன்னோம்" என்றார்.

பாலம் இறங்கியது. எதிரே நின்ற ஆளைப் பார்த்ததும் அனந்தநம்பியின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு அகழிக்குள் விழுந்தது.

மன்னர் பாலத்தின் நடுவில் நின்றபடியே புது உத்தரவு போட்டார். "இந்தப் பாலத்துக்கு நான் கூலி கொடுப்பதில்லை. திட்டுக்காரர்களுக்கு ஓடம்தான் பாலம். அதே தூரத்தை மாட்டுவண்டியில் போனால் என்ன கூலியோ, ஓடத்துக்கும் அதுதான். ஒருவர் வந்தாலும் ஓடம் போக வேண்டும். மிச்சத்தைக் கஜானா பார்த்துக்கொள்ளும்."

செம்பாயியும் மருத்துவச்சியும் அன்றே அரசாங்கப் படகில் திட்டுக்குப் போனார்கள்.

செம்பாயியின் மகளுக்குச் சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று சேதி வந்த அன்று, மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனிடம் நீட்டினார். அவன் செம்பாயியின் பாம்படத்தை மீட்டுத் தந்தால் போதும் என்றான். மன்னர் இரண்டையும் கொடுத்தார்.

பிறகு அனந்தநம்பியின் பக்கம் திரும்பினார். "ஓடத்துறை அலுவலகம் இனிமேல் சங்குத்திட்டில் இருக்கும். நாளைக்கே குடிபோய்விடும்."

அனந்தநம்பிக்கு அங்கேயே தலை சுற்றியது. "மன்னா, அங்கே நாலு பக்கமும் தண்ணீர் ஆயிற்றே."

"தெரியும்" என்றார் மன்னர். "அங்கே குடியிருக்க யார் சொன்னது என்று எவராவது கேட்டால், நான்தான் சொன்னேன் என்று சொல்லும்."