நாவல் கிளையை மிதித்தவர்

கப்பல்கள் பாயையும் காற்றையும் நம்பி ஓடிய காலத்தில் மருதம்பட்டினம் என்றொரு துறைமுகம் இருந்தது, கேளுங்கள். அங்கே ஒரு வழக்கம். வாதுக்கு அழைக்கும் பண்டிதர் நாவல் கிளையொன்றைக் கடற்கரை மணலில் நடுவார். அவர் சொல்வதை மறுக்கிறவர் வந்து அதை மிதிக்க வேண்டும்.

நெடுங்கண்ணனார் என்ற பண்டிதர் கிளை நட்டார். "உள்ளதெல்லாம் இறைவன்! கல்லும் அவன், கடலும் அவன், கருவாடும் அவன்! மறுப்பவர் உண்டா?" என்றார். மூன்று ஆண்டுகள் யாரும் மிதிக்காவிட்டால் அரசவையின் முதல் இருக்கை அவருக்கு. மனிதருக்கு எந்நேரமும் அதே நினைப்பு.

கடைசி நாள் வந்தது. முதல் இருக்கையைக் கடற்கரைக்கே தூக்கி வந்து வைத்தார்கள். அரசரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்தா ஒரு கப்பலிலிருந்து மூன்று பேர் இறங்க வேண்டும்!

முதலாமவர் கிரேக்க நாட்டு யவனர். கிளையைப் பார்த்தார். மிதிக்கவில்லை. "எங்கள் ஊரிலும் இப்படிச் சொல்வார்கள். உலகம் ஓர் உடல், தெய்வம் அதன் உயிர்" என்று சிரித்தார்.

சீனத்துத் துறவி பார்த்தார். மிதிக்கவில்லை. "நாங்கள் தெய்வம் என்பதில்லை, வழி என்போம். எல்லாம் அதிலிருந்து வந்து அதற்கே திரும்பும்" என்றார்.

அரபு வணிகர் பார்த்தார். "படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்பவன் நான். ஆனாலும் அவன் அறியாத இடம் ஒன்றுமில்லை. பிறகு மிதிக்க எப்படி மனம் வரும்?" என்று ஒதுங்கி நின்றார்.

அடேயப்பா! ஊரே வியந்துபோய் அந்த மூவரையும் சூழ்ந்துகொண்டது.

நெடுங்கண்ணனாருக்கு வயிறு எரிந்தது. மறுத்திருந்தால் மண்ணைக் கவ்வ வைத்திருப்பார். ஒத்துப்போகிறவர்களை என்ன செய்வது? 'மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். போகிற போக்கில் இவர்கள் பேர் வாங்குவதா?' அந்த யவனரின் சிரிப்பு வேறு அவரைப் பிடுங்கித் தின்றது.

"இவர்களிடம் இருப்பது இறைவனே இல்லை!" என்று பாய்ந்தார். "இறைவன் என்னிடம் மட்டும்தான் இருக்கிறான்!"

"ஐயோ சாமி, காலடியில பாருங்க!" என்று கத்தினாள் மீன் விற்கும் பூவத்தி.

நாவல் கிளை அவர் காலுக்கடியில் நொறுங்கிக் கிடந்தது.

அரசர் எழுந்தார். "மிதித்தவர் மறுப்பைச் சொல்ல வேண்டும். நீரே சொல்லியும் விட்டீர். வென்றவரும் நீர், தோற்றவரும் நீர். இருக்கையை யாருக்குத் தருவேன், புலவரே?"

முதல் இருக்கை காலியாகவே அரண்மனைக்குத் திரும்பியது.

ஆகவே மக்களே, எங்கும் இறைவன் என்று வாயால் சொல்பவரைவிட, அவனை அடுத்தவரிடம் கண்டு பொறாமைப்படாதவரே அவனை அறிந்தவர்.