பல்லி வைத்த அடையாளம்

எறும்புக்குக்கூடப் பேச்சு வந்த அந்தக் காலத்தில், நூலகர் வேலைக்கு ஆள் எடுப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. ஏணியில் நின்றபடியே எதிர் அலமாரிக்குத் தாவ வேண்டும். எறிந்த புத்தகம் தன் இடத்தில் போய் முதுகு தெரிய நிற்க வேண்டும். பூவரசங்குடி நூலகர் தில்லைநாயகி அம்மாள் இரண்டிலும் கில்லாடி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கிளம்பினால், உதவி நூலகர் மரியசூசை சக்கர ஏணியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். அவ்வளவு குதித்தும் அம்மாளின் மூக்குக் கண்ணாடி ஒருநாளும் கழன்று விழுந்ததில்லை. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அங்கே சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. அந்த நாளில் பல்லியின் வால் எளிதில் அறாது. உடம்பைவிட நீளமாக, கெட்டியாக இருக்கும். இந்தப் பல்லிக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான். வாலை வீசி வீசித்தான் நடக்கும். மற்றபடி நல்ல பிறவி, படிப்பென்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் உச்சி வெயிலில் யானை ஒன்று ஓடிவந்தது. வாசலில் தலை மட்டும்தான் நுழைந்தது.

"அம்மா, எம்புள்ள அரளியத் தின்னுட்டான். வாயில நுரை தள்ளுது, எந்திரிக்க மாட்டேங்குறான். ஏதாச்சும் மருந்து சொல்லுங்கம்மா!"

யானை வைத்தியத்துக்கு இருந்தது ஒரே புத்தகம். ஆயிரம் பக்கம், பொருளடக்கம் கிடையாது. கூரையை ஒட்டிய மேல்தட்டில் இருந்தது. அம்மாள் அண்ணாந்து பார்த்தார். தட்டு முழுக்கக் கரையான்.

"என்னடி பண்றீங்க அங்க?"

"படிக்கிறோம்" என்றாள் கரையான் தலைவி. "நாங்களும் உறுப்பினர்தானே? முந்நூறு பக்கம் முடிச்சாச்சு. மிச்சம் சாயங்காலத்துக்குள்ள."

"மரியசூசை, ஏணி!"

ஏணி உருண்டது. அம்மாள் அதன் உச்சியிலிருந்து அகராதி அலமாரிக்குத் தாவி, அங்கிருந்து எம்பி உத்தரத்தைப் பிடித்துத் தொங்கினார். மேல்தட்டு இன்னும் இரண்டு முழம் தள்ளி இருந்தது. கரையான்கள் கையில் ஏறிக் கடித்தன.

"எட்டலையே!" அம்மாளின் குரல் உடைந்தது.

"நான் போறேன்க்கா" என்று பல்லி சுவரில் ஓடியது. வழிநெடுகக் கரையான்களை விழுங்கிக்கொண்டே போய்ப் புத்தகத்துக்குள் நுழைந்தது. "காதுவலி... நகச்சுத்து... காய்ச்சல்..." என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. வாசலில் யானையின் கண்ணீர் வழிந்து மிதியடியை நனைத்தது.

"அரளி! அக்கா, அரளி இருக்கு!"

"படிடா ராஜா, சீக்கிரம் படி!"

அதற்குள் கரையான் அரித்த தட்டு மடமடவென்று முறிந்தது. உள்ளேயே இருந்தால், மூடுகிற புத்தகத்தில் பல்லி நசுங்கிவிடும். ஓடிவிட்டால் பக்கம் தவறிவிடும். மறுபடி தேடிக் கண்டுபிடிக்கும்வரை குட்டி தாங்காது. பல்லி தன் வாலை ஒருமுறை பார்த்தது. பிறகு அதைப் பக்கத்தின் நடுவே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் உடம்பைப் பிய்த்துக்கொண்டு குதித்தது.

மூடிய புத்தகம் கீழே விழுந்தது. அம்மாள் உத்தரத்தை விட்டுப் பாய்ந்து, அந்தரத்திலேயே அதை மார்போடு அணைத்தார். யானை தும்பிக்கையை நீட்டி அம்மாளைப் பிடித்தது. மரியசூசை ஏணியோடு போய்ச் சுவரில் மோதினார்.

"பக்கம் போச்சே!" என்று யானை அலறியது.

மூடிய பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு வால்நுனி எட்டிப் பார்த்தது. 'இங்கே, இங்கே' என்று துடித்து ஆடியது. அம்மாள் அந்த இடத்தில் பிரித்து மருந்தை உரக்கப் படித்தார். யானை கேட்ட மாத்திரத்தில் காட்டுக்குப் பறந்தது.

மறுநாள் குட்டி தன் காலாலேயே நடந்து, ஒரு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு வந்தது. பல்லி மட்டும் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அம்மாள் தாவாமல் குதிக்காமல் ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

"வெளிய வாடா."

"வேண்டாங்க்கா. பார்க்க நல்லா இருக்காது."

"உன்னைவிட அழகானவனை நான் பார்த்ததே இல்லடா" என்று சொல்லும்போதே அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. சேலைக் கரையில் ஒரு நாடா கிழித்து, புத்தகத்தில் வால் இருந்த பக்கத்தில் வைத்துத் தைத்தார். "இனிமே யாரும் வாலைக் குடுக்க வேண்டாம்."

பல்லி தயங்கித் தயங்கி வெளியே வந்தது. குட்டி யானை தும்பிக்கையால் அதன் முதுகில் மெல்ல ஊதி, "முளைக்கட்டும் மாமா" என்றது. முளைத்தது. ஆனால் பழைய கெட்டி மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் பல்லியின் வால் சட்டென்று கழன்றுவிடுகிறது, கழன்ற பிறகும் ஆடுகிறது. தடித்த புத்தகங்களில் நாடா தொங்குவதும் அன்று முதல்தான். நாம் சோம்பேறித்தனமாகப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தால், சுவரிலிருந்து பார்க்கும் பல்லி மனசு கேட்காமல் 'ச்சு, ச்சு' என்று உச்சுக்கொட்டுகிறதே, அதுவும்தான்.