மாரப்பனுக்கு அமைந்த கார்

“எல்லா அளவும் சரியா இருக்குதுங்க அம்மணி. அப்புறம் எதுக்கு இந்தக் கார் சுத்துது?”

தெய்வசிகாமணி கேட்டார்.

மெஹருன்னிசா டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவைக்கு வெளியே, கார்ப் பந்தயத் தடத்தை ஒட்டி இருந்தது அவளுடைய பட்டறை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அந்தத் தடத்துக்கு வந்து ஆசை தீர ஓட்டுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் சக்கரத்தில் சந்தேகம் என்றால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. பம்ப் செட் தொழிற்சாலை வைத்திருந்தார். வெளியே போகும் ஒவ்வொரு பம்பையும் தாமே அளந்து பார்த்துத்தான் அனுப்புவார். இன்னொருவர் படித்துச் சொன்ன அளவை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

அவருடைய சிவப்புக் கார் அந்த வருடம் இரண்டு முறை தடத்தில் சுழன்று நின்றது. இரண்டு முறையும் நாலாவது வளைவில்.

மூன்றாவது முறை சுழன்றால் ஒரு வருடத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். அது தடத்தை நடத்தும் கிளப்பின் விதி.

அன்று பத்து மணிக்கு அவர் முறை.

“ஒரு வருஷம் வெளிய நிக்க என்னால ஆகாதுங்க. இந்த வயசுல எத்தனை வருஷம் ஓட்டப்போறேன்?”

“சுத்தினப்ப என்ன பண்ணினீங்கண்ணா?”

“எந்தச் சக்கரத்தோட அளவு தப்பியிருக்கும்னு யோசிச்சேன்.”

“கார் சுத்திக்கிட்டிருக்கும்போதா?”

“அப்பத்தானுங்க தெரியும்!”

மெஹருன்னிசா எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சக்கரமெல்லாம் நேரா இருக்குதான்னு அலைன்மென்ட் யாரு பார்த்தது?”

“நானேதான். நூல் கட்டி, நாலு சக்கரமும் அளந்தேன். ரெண்டு தடவை.”

“ஆள் எடையில கார் அமுங்கினா சக்கரம் லேசாத் திரும்பும். ஓட்டுறவர் சீட்டுல ஆள் இருக்கும்போதுதான் அளக்கணும்.”

“அது தெரியாமயா? ஆளை உக்கார வெச்சுத்தான் அளந்தேன்.”

“யாரை?”

தெய்வசிகாமணி காரைக் காட்டினார்.

ஓட்டுநர் இருக்கையில் காக்கி உடுப்புடன் ஒருவர் நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“எங்க வாட்ச்மேன் மாரப்பன். எப்பவும் அவர்தான். அசையவே மாட்டார்.”

“வணக்கமுங்க,” என்றார் மாரப்பன், அசையாமல்.

“மாரப்பண்ணா, எவ்வளவு எடை இருப்பீங்க?”

“அம்பதுங்க. சாப்பிட்டா அம்பத்தொண்ணு.”

மெஹருன்னிசா தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“தொண்ணூத்திநாலு,” என்றார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். டயர்கள் தடையில்லாமல் அசைய, ஒவ்வொன்றின் அடியிலும் கிரீஸ் தடவிய இரட்டைத் தகடு வைத்தாள். காரின் இரு பக்கமும், சக்கரத்தின் நடு உயரத்தில், நூலை இழுத்துக் கட்டினாள்.

பிறகு ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள். நூலிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்புக்கு ஓர் அளவு. பின்விளிம்புக்கு ஓர் அளவு. முன்விளிம்பு நூலை விட்டு விலகியிருந்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறது. நெருங்கியிருந்தால் வெளியே பார்க்கிறது. பின்சக்கரம் ஒரு மில்லிமீட்டர் உள்ளே பார்க்க வேண்டும். அப்போதுதான் கார் நிலையாக நிற்கும்.

நாலு சக்கரமும் அளந்தாள்.

“பிரமாதம். ஒரு குறையும் இல்ல,” என்றாள்.

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது.

“பத்து மணிக்கு மாரப்பண்ணனே ஓட்டட்டும்.”

“அம்மணி! அவருக்கு சைக்கிளே வராதுங்க!”

“வருமுங்க,” என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல். “நிறுத்தத்தான் வராது.”

“இறங்குங்க மாரப்பண்ணா. அண்ணா, நீங்க ஏறுங்க.”

“நான் ஏறிட்டா யாரு அளவு பார்க்கறது?”

மெஹருன்னிசா ஸ்கேலை மாரப்பன் கையில் கொடுத்தாள்.

தெய்வசிகாமணி அவளைப் பார்த்தார். ஸ்கேலைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். கார் வலது பக்கம் அமுங்கியது. அவள் காரை முன்னும் பின்னும் லேசாக அழுத்தி விட்டாள். அது தன் நிலைக்கு வந்து நின்றது.

மாரப்பன் வலது பின்சக்கரத்தின் அருகில் முழங்காலிட்டார்.

“என்ன வருது?” என்று உள்ளேயிருந்து கேட்டார் தெய்வசிகாமணி.

“இருங்க முதலாளி. கோடெல்லாம் பொடிசு பொடிசா இருக்குது.”

“கண்ணாடி போட்டுப் பாருங்க!”

“போட்டுத்தானுங்க இருக்கேன். முன்னாடி அறுபத்திரெண்டு. பின்னாடி அறுபத்திமூணு.”

தெய்வசிகாமணி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

“வெளியவா பார்க்குது?”

“நாலாவது வளைவு இடது பக்கம் திரும்புது,” என்றாள் மெஹருன்னிசா. “பாரமெல்லாம் இந்த வலது பின்சக்கரத்து மேலதான் விழும். அந்த நேரத்துல இது வெளிய பார்த்துக்கிட்டிருக்கு.”

அவள் காருக்கு அடியில் படுத்தாள். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தின் திசையை மாற்றும் இழுவைக் கம்பியைக் கொஞ்சம் திருகினாள். மாரப்பன் படித்தார். மறுபடி திருகினாள். மறுபடி படித்தார்.

“முன்னாடி அறுபத்திமூணு. பின்னாடி அறுபத்திரெண்டு.”

“போதும்.”

நட்டை இறுக்கிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள். நாலும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. தெய்வசிகாமணி கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பக்கக் கண்ணாடியில் மாரப்பனின் தொப்பி மட்டும் தெரிந்தது.

“முடிஞ்சுதுண்ணா.”

அவர் உடனே இறங்கினார். ஸ்கேலை வாங்கினார். வலது பின்சக்கரத்தை அளந்தார்.

“அம்மணி! அஞ்சு மில்லி உள்ள பார்க்குது! கோணல்!”

“ஏறுங்க.”

ஏறினார். மாரப்பன் அளந்தார்.

“சரியா இருக்குதுங்க.”

இறங்கினார். அளந்தார். கோணல்.

ஏறினார்.

“சரியா இருக்குதுங்க.”

அடுத்த முறை ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டு, மறுகாலைத் தரையில் ஊன்றி, கதவுக்கு வெளியே சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

“இப்ப?”

“இப்ப நீங்கதான் கோணலா இருக்கறீங்க முதலாளி.”

மெஹருன்னிசா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணி அவள் எதிரில் வந்து நின்றார்.

“நான் பார்த்தா கோணல். நான் உள்ள உக்காந்தா நேர்னு சொல்றீங்க. அந்த நேரை நான் என்னிக்குப் பார்க்கறது?”

“பார்க்க முடியாதுண்ணா.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

“அப்ப எப்படி நம்பறது?”

அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். நூலை அவிழ்த்துச் சுற்றினாள். தகடுகளை எடுத்து அடுக்கினாள்.

பத்து மணி ஓட்டத்துக்கு ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்.

தெய்வசிகாமணி தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போகாமல் இருந்தால் சுழன்ற கணக்கு இரண்டாகவே இருக்கும். அடுத்த மாதமும் வரலாம். போய்ச் சுழன்றால் மூன்று.

“மாரப்பன்,” என்றார். “நீங்க படிச்சது சரிதானே?”

மாரப்பன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பதினாறு வருஷமா ராத்திரி கேட்டுல நான்தானுங்க நிக்கறேன். ஒரு நாளாச்சும் எந்திரிச்சு வந்து பார்த்திருக்கீங்களா?”



தெய்வசிகாமணி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

பட்டறையிலிருந்து நாலாவது வளைவு தெரியாது. சத்தம் மட்டும் வரும். மெஹருன்னிசாவும் மாரப்பனும் வாசலில் நின்று கேட்டார்கள்.

முதல் சுற்றில் சத்தம் மெதுவாக வளைவுக்குள் போயிற்று. மெதுவாக வெளியே வந்தது.

இரண்டாவது சுற்றிலும் அப்படியே.

மூன்றாவது சுற்றில் சத்தம் ஏறியது. வளைவுக்குள் போகும்போதும் இறங்கவில்லை. நடுவில் டயர் கீச்சென்றது.

மாரப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கீச்சொலி நின்றது. என்ஜின் சத்தம் வளைவைக் கடந்து, நேர்ப்பாதையில் நீண்டு போயிற்று.

அப்புறம் ஐந்து சுற்று.

கார் திரும்பி வந்து பட்டறை முன் நின்றது. தெய்வசிகாமணி என்ஜினை அணைத்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். இறங்கவில்லை.

“நாலாவது வளைவு எப்படிண்ணா?”

“பின்பக்கம் லேசா நழுவுச்சுங்க.”

“அப்புறம்?”

“அளவை யோசிக்கலீங்க. நானும் கூடவே போனேன்.”